முன்வரிசையில் ஷர்லி

அந்தப் போஸ்டரை ஷர்லி முதன்முதலில் பார்த்தது ஒரு ஷேர் ஆட்டோவின் முதுகில். புதுக்கோட்டை புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நேர் எதிரே ஆட்டோ நின்றிருந்தது.

'செம்பாறைக் கூடம், திருமயம் ரோடு. மூன்று நாள் கலைவிழா' என்று மேலே போட்டிருந்தது. டிசம்பர் 19 வெள்ளிக்கிழமை நாகஸ்வரமும் கிதாரும். 21 ஞாயிற்றுக்கிழமை 'கிணற்றடி வழக்கு' என்று ஒரு நாடகம். நடுவில், இரண்டையும்விடப் பெரிய எழுத்தில், 20 சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஜஸ்டின் வழங்கும் 'வெறும் வயித்துல வாங்க'. ஜஸ்டினின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கேலிச்சித்திரமாக வரைந்திருந்தார்கள். கையில் அவள் உயரத்துக்கு ஓர் ஊசி. மூக்குக்கண்ணாடி, நடுவகிடு, இடது கன்னத்தில் மச்சம். மச்சத்தைக்கூட விடவில்லை.

ஷர்லி மாஸ்க்கைக் கண்ணுக்குக் கீழ்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

ஜஸ்டின் அவள் கணவன். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை ஒரு டிராக்டர் ஷோரூமில் விற்பனைக்கு இருந்தான். ஷோரூமை மூடிய வருஷம், சர்ச்சில் கிறிஸ்மஸ் நிகழ்ச்சிக்கு ஆள் பற்றவில்லை என்று அவனை மேடையேற்றிவிட்டார்கள். வேறு எதுவும் தோன்றாததால் வீட்டைப் பற்றிப் பேசினான்.

"எங்க வீட்டம்மா லேப்ல வேலை பாக்குறாங்க. மத்த வீட்ல சண்டைன்னா பாத்திரம் பறக்கும். எங்க வீட்ல அப்படியில்லங்க. சத்தமே போட மாட்டா. பக்கத்துல வந்து ஒக்காந்து, என் கையப் புடிச்சு, மெதுவா நரம்பு தேடுவா."

சர்ச்சே குலுங்கியது. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷர்லியும் அன்றைக்கு வாய்விட்டுத்தான் சிரித்தாள். வேலை போனதிலிருந்து முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த மனுஷன், அந்தப் பத்து நிமிஷத்தில் பழையபடி ஆகிவிட்டதாக அவளுக்கு இருந்தது.

யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். அதிலிருந்து திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் புதிதாக ஏதாவது வேண்டியிருந்தது. ஜஸ்டின் வீட்டிலிருந்தே எடுத்தான். "எங்க வீட்ல சண்டை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. ஒண்ணு வெறும் வயித்துல. இன்னொண்ணு சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு." சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துப் பழகிய ஊர்களில் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதன் பிறகு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் கையை நீட்டும்போதே சிரிக்கத் தொடங்கினார்கள். "மேடம், நரம்பு தேடுறீங்களா?" என்பார்கள். "வீட்ல இன்னைக்கு ஒரு ரவுண்டு ஆச்சா, ரெண்டு ரவுண்டா?" என்பார்கள். ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது மறுகையால் செல்ஃபி எடுத்த ஒரு ரிட்டையர்டு வாத்தியாருக்குக் கை அசைந்து தோல் நீலம் பாரித்துப்போனது. அதைக்கூட ஜஸ்டினிடம் போய்ச் சொல்லுங்கள் என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஒரு நாள் ஷர்லி ஜஸ்டினிடம், "என்னப் பத்திப் பேசுறத கொஞ்சம் கொறைங்களேன்" என்றாள். அடுத்த வாரம் தஞ்சாவூரில் அது வந்தது: "என்னப் பத்திப் பேசாதீங்கன்னு சொல்றா. வேற யாரப் பத்திப் பேசட்டும், பக்கத்து வீட்டம்மாவப் பத்திப் பேசவான்னேன். நரம்பு தேட ஆரம்பிச்சுட்டா." கோபத்தில் மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். மதுரையில் அதுவும் வந்தது: "மூணு நாளா பேச மாட்டேங்குறா. ஏம்மான்னு கேட்டா, ரிப்போர்ட் வர மூணு நாள் ஆகும்ங்குறா."

அதற்கப்புறம்தான் ஷர்லிக்குத் தன் நிலைமை முழுசாகப் புரிந்தது. கோபப்பட்டாலும் மேடைக்குப் போகும். அழுதாலும் போகும். வாயை மூடிக்கொண்டாலும் போகும். வீட்டில் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் அதை மைக்கில் கேட்பது போல ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்தது. குழாய் ஒழுகுகிறது என்று சொல்லக்கூட யோசித்தாள். கேஸ் தீர்ந்துபோனால் தானே போன் போட்டுப் பதிந்தாள்.

ஜஸ்டின் கெட்டவன் இல்லை. காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து டீ போடுகிறவன். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வீட்டிலேயே கிடந்தவன். அவளைப் பற்றிப் பேசும்போது அவன் முகத்தில் பெருமை இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதனாலேயே வெளியில் யாரிடமும் குறை சொல்ல முடியவில்லை. சொன்னால், "நாலு பேர சிரிக்க வைக்கிறாரு, நீங்க குடுத்து வச்சவங்க" என்றுதான் பதில் வந்தது.

சொந்த ஊரில் அவனுக்கு இதுதான் முதல் பெரிய நிகழ்ச்சி. செம்பாறைக் கூடம் பழைய எண்ணெய் மில்லாக இருந்தது. திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பெண் இந்துமதி, சென்னையில் பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து, மில்லைச் சுத்தம் செய்து, கல் சுவர்களை அப்படியே விட்டு, மேடையும் நாற்காலிகளும் போட்டு அரங்கமாக்கியிருந்தாள்.

நிகழ்ச்சிக்குப் பதிமூன்று நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், துணி எடுக்க மொட்டைமாடிப் படி ஏறிய ஷர்லி பாதியில் நின்றாள். மேலே ஜஸ்டின் பயிற்சி பண்ணிக்கொண்டிருந்தான். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பேசினான்.

"மாசா மாசம் தன் ரத்தத்த தானே எடுப்பாங்க. ரப்பர் கயித்த பல்லால கடிச்சு இழுத்துக்கிட்டு, ஒத்தக் கையால... பாத்தா பயமா இருக்கும். என்ன டெஸ்டுன்னு கேக்குறீங்களா? விசேஷமான்னு பாக்குற டெஸ்டு. வெளியில எடுத்தா காசு, இவளுக்கு ஸ்டாஃப்ங்குறதால ஃப்ரீ. ஒரு மாசம் பாசிட்டிவ்னு வந்துருச்சு. ஸ்வீட்டோட ஓடி வாரேன். மறுவாரம், 'ஏங்க, நம்பர் எறங்கிருச்சு'ங்குறா. ஏறுது, எறங்குது... ஏம்மா, இது புள்ளையா, ஷேர் மார்க்கெட்டா?"

கொஞ்சம் நிறுத்தி, 'இது புள்ளையா' என்பதை இழுத்து இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான்.

ஷர்லி துணி எடுக்காமலே இறங்கி வந்தாள். சமையலறையில் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது போன வருஷம் ஆடி மாதம். லேபில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில்தான் அவள் தன் ரத்தத்தை எடுப்பாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு முறை, கரு தங்கியதைக் காட்டும் அந்த எண் ஏறியது. இரண்டு நாளைக்கு ஒரு முறை இரட்டிக்க வேண்டிய எண், ஏழாவது வாரம் பாதியாக இறங்கியது. மெஷினில் கோளாறோ என்று மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். அது ஜஸ்டினுக்கு மட்டும்தான் தெரியும். கறம்பக்குடியில் இருக்கும் அவள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

ஜஸ்டின் கீழே வந்ததும் கேட்டாள். "மேல சொன்னது... அத அங்க சொல்லப் போறீங்களா?"

அவன் முகம் மாறியது. "நீ கேட்டியா? இன்னும் சரியா வரல. சும்மா சொல்லிப் பாத்தேன்."

"அது வேணாங்க. வேற எத வேணா சொல்லுங்க. மச்சத்தச் சொல்லுங்க, எங்க அம்மாவச் சொல்லுங்க. அது மட்டும் வேணாம்."

"அது எனக்கும் நடந்ததுதானே ஷர்லி? நான் யார்ட்டயும் சொன்னதில்ல. எனக்குத் தெரிஞ்சது இப்படிச் சொல்லத்தான்."

"நடந்தது என் வயித்துல."

"சரி. சொல்லல. போதுமா?" என்றான். அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனான். மனசார சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனாலும் மேடையேறினால் அந்தச் சொல் நிற்குமா என்ற சந்தேகம் அவளுக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள், டூட்டி முடிந்து நேராக செம்பாறைக் கூடத்துக்குப் போனாள். வாசலிலும் அவள் கேலிச்சித்திரம் ஆளுயரத்துக்கு நின்றது. உள்ளே ஆபீஸ் மேஜையிலிருந்து இந்துமதி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க வாங்க ஷர்லி! நீங்க வந்தது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இருநூத்தி நாப்பது சீட்டும் முடிஞ்சுது. பொன்னமராவதியிலேருந்து வேன் பிடிச்சு வர்றாங்க."

"மேடம்... சனிக்கிழமை புரோகிராம்ல ஒரு விஷயம். அவரு என்ன பேசப் போறாருன்னு நீங்க முன்னாடியே பாப்பீங்களா?"

"எழுதிக் குடுக்கச் சொல்ற வழக்கம் இங்க இல்லம்மா. ஏன், அரசியல் ஏதாவது வருதா?"

"அரசியல் இல்ல. வீட்டு விஷயம். ஒண்ண மட்டும் சொல்ல வேணாம்னு நீங்க அவருட்ட..."

"எது?"

ஷர்லி வாயைத் திறந்தாள். எதைச் சொல்லக் கூடாது என்று கேட்க வந்தாளோ, அதைத் தானே இங்கே உட்கார்ந்து சொன்னால்தான் நிறுத்த முடியும். மேஜைக்கு அந்தப் பக்கம் விளக்குப் போடும் ரகுநாத் வயரைச் சுற்றிக்கொண்டு, என்ன வேடிக்கை வரப்போகிறதோ என்று இப்போதே பாதிச் சிரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்ல மேடம். சும்மா கேட்டேன்."

"பதட்டமா இருக்கும், எனக்குப் புரியுது" என்று இந்துமதி சிரித்தாள். "ஒங்க சீட்டு முன்வரிசைல நட்ட நடுவுல. சாரே கேட்டு வாங்குனாரு. நீங்க வரலன்னா ஊரே கேக்கும்."

அது உண்மைதான். போகாமல் இருந்தால், "வரவே மாட்டேன்னுட்டா" என்பதிலிருந்துதான் அவன் ஆரம்பிப்பான். தவிர, எதிரில் உட்கார்ந்திருந்தால் சொல்ல மாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

சனிக்கிழமை நான்கு மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. ஷர்லி உள்ளே நுழைந்ததும் தலைகள் திரும்பின. "அதே மச்சம்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. முன்வரிசையில் அவளுக்கு இடப்பக்கம் கலெக்டர் ஆபீஸ் அதிகாரி ஒருவர், வலப்பக்கம் அவர் மனைவி. கால் வைக்க இடமில்லாமல் நெருக்கமாகப் போட்ட நாற்காலிகள்.

ஜஸ்டின் மேடைக்கு வந்தபோது பலமாகக் கை தட்டினார்கள். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தான். டிராக்டர் ஷோரூமைப் பற்றிப் பேசினான். சிரிப்பு வரவில்லை. அங்கே வண்டி வாங்கி அலைந்தவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டைப் பற்றிப் பேசினான், லேசாக வந்து அடங்கியது. வெளியூரில் எடுபட்டதெல்லாம் இங்கே கல் சுவரில் பட்டுக் கீழே விழுந்தது. "வெறும் வயித்துல" ஜோக்கை அவனுக்கு முன்னால் ஜனமே சொல்லி முடித்துவிட்டது. எல்லோரும் ஏற்கனவே போனில் பார்த்ததுதான். பின்னாலிருந்து ஒருவர், "புதுசா ஏதாச்சும் சொல்லுப்பா" என்று குரல் கொடுத்தார்.

ஜஸ்டினுக்கு வேர்த்தது. உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். ஷர்லிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு அவன் கண் ஒரு நொடி அவள் மேல் வந்து, உடனே விலகி, பின்வரிசைக்குப் போயிற்று. அப்போதே தெரிந்துவிட்டது அவளுக்கு.

"புதுசா வேணுமா? எங்க வீட்டம்மா மாசா மாசம் ஒரு டெஸ்டு எடுப்பாங்க..."

ஷர்லி எழுந்துவிட்டாள். எழ வேண்டும் என்று நினைத்து எழவில்லை. "ஏங்க, வேணாங்க" என்றாள்.

கூடம் வெடித்தது. அரை மணி நேரமாகக் காத்திருந்த சிரிப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் வந்தது. பக்கத்து அதிகாரி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். விளக்கைக் கவனித்துக்கொண்டிருந்த ரகுநாத், இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்தது என்று நினைத்து, வட்ட வெளிச்சத்தை அவள் மேல் திருப்பினான்.

அந்தச் சிரிப்பு ஜஸ்டினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. "பாத்தீங்களா? வீட்லயும் இப்படித்தான்" என்றான். ரப்பர் கயிற்றைப் பல்லால் கடித்து இழுப்பது போல நடித்துக் காட்டினான்.

ஷர்லி முட்டிகளை இடித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள். வெளிச்சம் கூடவே வந்தது. பக்கவாட்டில் இருந்த இரும்புக் கதவை நோக்கி நடந்தாள். கை தட்டினார்கள். கதவைத் தள்ளினாள், திறக்கவில்லை. இழுத்தாள், அதற்கும் திறக்கவில்லை. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். வெளிச்சத்துக்கு நடுவில் நின்று அவள் கதவை ஆட்டியபோது சனங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு மேலே மைக்கில் ஜஸ்டினின் குரல், "ஏறுது, எறங்குது..." என்று இழுத்தது.

அவள் திரும்பினாள். கண் கூசியது. ஒரு முகமும் தெரியவில்லை.

"அது ஏழு வாரம் இருந்துச்சுங்க" என்றாள்.

கத்தவில்லை. கவுண்டரில் ரிப்போர்ட் கொடுக்கும்போது பேசும் குரலில்தான் சொன்னாள். முன்வரிசைக்குக் கேட்டது. அதிகாரியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. முன்னால் சிரிப்பு நின்றுபோனதைப் பார்த்து, என்ன சொன்னாள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, அவர்களும் ஒவ்வொரு வரிசையாக நின்றார்கள். கடைசியில் எங்கேயோ ஒருத்தர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். அவரும் நிறுத்தினார்.

ஜஸ்டினின் கை இன்னும் கயிறு கட்டிய மாதிரியே மடங்கியிருந்தது.

இந்துமதி வெளியே சுற்றி ஓடிவந்து தாழ்ப்பாளைத் திறந்தாள். ஷர்லி பகல் வெளிச்சத்தில் வந்து நின்றாள். மில் கேட்டுக்கு முன்னால் டீக்கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாதும்மா. நடிக்கிறீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றாள் இந்துமதி. "அன்னைக்கு இதச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"ஆமா மேடம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

ஷர்லி ஒரு ஆட்டோவை நிறுத்தி ஏறினாள்.

ஜஸ்டின் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தான். ஷூவைக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தான். "அதோட முடிச்சுட்டேன். எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்றான். அவள் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்: "சிரிப்பே வரல ஷர்லி. பயந்துட்டேன். நீ எந்திரிச்சப்பவாவது நிறுத்தியிருக்கணும்."

"ஆமா."

"ஏதாவது திட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டுவதற்கு என்ன வார்த்தை எடுத்தாலும் அதை மைக்கில் கேட்க முடிந்தது.

மறுநாள் நாடகம் தொடங்கும் முன் இந்துமதி மேடையேறி, முந்தின நாள் எடுத்த வீடியோக்களை யாரும் பரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாளாம். சிலர் அழித்தார்கள். சிலர் அதற்குள் அனுப்பிவிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை லேபில் ஒருவரும் நரம்பு தேடுவதைப் பற்றிப் பேசவில்லை. கையை நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். செல்ஃபி எடுத்த வாத்தியார் வந்து, ஒன்றும் பேசாமல் ஒரு பை கொய்யாப்பழத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கூட வேலை பார்க்கும் செவந்தி, "நீங்க ஒக்காருங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று அவள் கையிலிருந்த ஊசியை வாங்கினாள். ஷர்லிக்கு அழுகைக்குப் பதில் எரிச்சல் வந்தது. ஊசியைத் திருப்பி வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கறம்பக்குடியிலிருந்து அம்மா போன் பண்ணினாள். யாரோ காட்டியிருக்கிறார்கள். "எங்கிட்டச் சொல்லலியேடி" என்று மட்டும் சொல்லி அழுதாள். ஷர்லி போனைக் காதில் வைத்தபடியே அன்றைய சாம்பிள்களுக்குப் பெயர் ஒட்டினாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஜஸ்டினுக்குத் திருச்சியிலிருந்து அழைப்பு வந்தது. ஜனவரியில் அங்கே ஓர் அரங்கத்தில் அவனுக்கு நிகழ்ச்சி இருந்தது. அவன் ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தான்.

"சார், புதுக்கோட்டை கிளிப்பு பாத்தோம். ரொம்ப எமோஷனலா இருந்துச்சு. மேடத்தையும் கூட்டிட்டு வாங்க. கடைசி அஞ்சு நிமிஷம் அவங்க பேசட்டும். 'ஷர்லி என்ன சொல்வா?'ன்னு தலைப்பு வச்சு போஸ்டரும் அடிச்சாச்சு."

"அந்தத் தலைப்ப எடுத்துருங்க சார். அவங்க வர மாட்டாங்க. நானும் அவங்களப் பத்திப் பேச மாட்டேன்."

"அப்புறம் எதப் பத்தி சார் பேசுவீங்க?"

ஜஸ்டின் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷமாக இந்த வீட்டைத் தவிர வேறு எதையும் அவன் பார்த்ததில்லை. இங்கிட்டு நகர்ந்தால் அவள், அங்கிட்டு நகர்ந்தால் ஜனம். அவனும் நன்றாகத்தான் மாட்டிக்கொண்டிருந்தான்.

"புரோகிராமே வேணாம் சார். வேற ஆளப் பாத்துக்கங்க" என்று சொல்லிப் போனை வைத்தான்.

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. ஷர்லி போய் அணைத்துவிட்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான்கு நாளில் முதல் முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இதையும் ஒரு நாள் சொல்லுவீங்களா? எனக்காக திருச்சி புரோகிராம விட்டேன்னு?"

ஜஸ்டின் உடனே இல்லை என்று சொல்லப் போனான். உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டான். வெளியே தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டு போய் மறைகிற வரை அவன் யோசித்தான்.

"தெரியல ஷர்லி" என்றான்.

அவள் தலையசைத்தாள். அவன் சத்தியம் பண்ணியிருந்தால் எழுந்து போயிருப்பாள். அடுப்படிக் குழாய் ஒழுகுவதை அவனிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். பத்து நாளாக ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறாள். அதை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், நிறைந்திருந்த வாளியைத் தானே தூக்கிக் கொட்டிவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.